விருப்பமில்லாத ஐம்பத்து மூன்று பேர்

ஜனவரி 12

அன்பும் அறிவும் அரசாங்க நாற்காலியும் ஒருசேர அமைந்த என் அக்கா மகளுக்கு,

மண்வெட்டிச் சக்கரவர்த்தியும் குளத்தங்கரைக் கோமானுமாகிய உன் தாய்மாமன் எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். உன் அம்மாவுக்குச் சளி, அவள் தும்மினால் மூன்று தெருவுக்கு ஓடு பறக்கிறது, மற்றபடி சுகம். உன் சுகத்துக்கு உடனே பதில் போடு. என் கைப்பேசி சேற்றில் குதித்து உயிரை விட்டுவிட்டதால் இனி என் ராஜாங்கமெல்லாம் தபாலில்தான்.

சங்கதி என்னவென்றால், நான் உழைக்க மறுத்துவிட்டேனாம். சிரிக்காதே. மழைத் தண்ணீர் தேங்கி நின்றதால் மூன்று வாரமாகக் குளத்தில் வேலை இல்லை. திங்கட்கிழமை மறுபடி இறங்கலாம் என்று கூடையும் மண்வெட்டியுமாகப் போனோம். வருகை எடுக்கிற பெண் தன் கைப்பேசியைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"பெரியப்பா, உங்க பேரைக் காணோம்."

"காணோம்னா? நேத்து வரைக்கும் என்கூடத்தானே இருந்துச்சு!"

"வேலை உறுதித் திட்டத்துலேர்ந்து எடுத்துட்டாங்க. காரணம்னு ஒண்ணு போட்டிருக்கு. வேலை செய்ய விருப்பமில்லையாம்."

பன்னிரண்டு வருஷமாக நான் இந்தக் குளத்தைத் தோண்டிய தோண்டலில் பூமிக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவன் வீட்டுத் தரை ஆட்டம் கண்டுவிட்டது. எனக்கு விருப்பமில்லையாம்! உன் அத்தைக்கும் இல்லையாம். தூக்கத்தில்கூடத் தலையில் கூடை இருப்பதாக நினைத்துக் கழுத்தை நேராக வைத்துக்கொள்கிறவள் அவள். வந்திருந்த ஒருவர் பெயரும் இல்லை. எல்லோரும் வேலையை வெறுத்துவிட்டோமாம், ஒரே மாதிரி.

நீ உட்கார்ந்திருப்பதோ மாவட்ட அலுவலகத்தின் கணினி அறையில். அங்கே எந்த மகானுபாவன் இதைச் செய்தான் என்று பார்த்து, அவன் காதைப் பிடித்து இழுத்துவந்து பெயர்களை மறுபடி ஏற்றச் சொல். அரை நாள் வேலைதானே?

உன் அத்தை உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். விருப்பத்தோடுதான் கேட்டாள்.

இப்படிக்கு,
வேலையை வெறுத்த உன் மாமன்

*

ஜனவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். அங்கே மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

கடிதம் கிடைத்தது. வேலை அட்டைகளோடு அடையாள எண்ணை இணைக்கும் பணி டிசம்பரில் முடிந்தது. எங்கள் மாவட்டம் நூறு சதவீதம் முடித்ததாக மேலாளருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அந்த அவசரத்தில் சில ஊர்களில் பெயர்கள் விட்டுப்போயிருப்பதாகக் கேள்வி. யார் செய்தார்கள் என்பதெல்லாம் தெரியவராது மாமா, இது பெரிய அமைப்பு. கள அலுவலரிடம் மனுக் கொடுங்கள்.

அம்மாவுக்குச் சளி குறைந்ததா? ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன். அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்

*

பிப்ரவரி 6

கணினிகளைக் கட்டி மேய்க்கும் மருமகளுக்கு மாமனின் ஆசி.

கம்பளி வந்தது, சளி போனது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

மனுக் கொடுத்தோம். நான் எழுதிய மனுவை வாசித்தால் கருங்கல்லும் மூக்கைச் சிந்தும். ஆனால் கள அலுவலர் கருங்கல் இல்லையே. அவருக்கு நாங்கள் இஸ்திரி என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் சட்டையில் உட்காருகிற ஈ வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ளும்.

"நீங்களேதானேய்யா வேணாம்னு சொன்னீங்க?" என்றார்.

"எப்போங்க?"

"ஜனவரி அஞ்சாம் தேதி, ஊர்க்கூட்டத்துல. இதோ தீர்மானம். ஐம்பத்து மூணு பேரும் எந்திரிச்சு நின்னு விருப்பமில்லைன்னு சொல்லியிருக்கீங்க."

உன் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"கூட்டம் நடக்குற கட்டடத்துல ரெண்டு மாசமா சிமெண்டு மூட்டை அடுக்கியிருக்குங்க. நாங்க எது மேல எந்திரிச்சு நின்னோம், மூட்டை மேலயா?"

"இந்தாம்மா, மரியாதையாப் பேசு."

"மரியாதையாத்தான் கேக்குறேன். மரியாதை இல்லாமக் கேட்டா உங்க சட்டை கசங்கிடும்."

சட்டம் என்ன தெரியுமா? ஒரு பெயரை எடுக்கவேண்டுமானால் அந்த ஆளை ஊர்க்கூட்டத்தில் நிறுத்திக் கேட்ட பிறகே எடுக்கவேண்டும். கேட்டதாகக் காகிதம் மட்டும் இருக்கிறது. அந்தத் தீர்மானம் செல்லாது என்று ஆனால் ஒழிய எங்களைத் திரும்பச் சேர்க்க வழியே கிடையாதாம்.

இன்னொரு வேடிக்கை. முழுப் பட்டியலையும் சுவரில் ஒட்டினார்கள். குளத்தில் வேலை செய்கிற ஐம்பத்து நாலு பேரில் ஒரே ஒரு பெயர் தப்பியிருக்கிறது. உன் அம்மா.

அவளும் மறுநாள் குளத்தில் இறங்கினாள். ஒரு ஊரே வெட்டிய பள்ளத்தில் ஒற்றைப் பொம்பளை. நாங்கள் ஐம்பத்து மூன்று பேரும் கரையில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம். அவளே வெட்டி அவளே அள்ளினாள். நிறைந்த கூடையைத் தலைக்குத் தூக்கிவிட எதிரே ஓர் ஆள் வேண்டுமே, யார் இருக்கிறார்கள்? குனிந்தாள், முக்கினாள், பாதி மண்ணைக் கொட்டிவிட்டுத் தூக்கினாள். மூன்றாவது கூடையில் மண்வெட்டியை வீசிவிட்டு மேலே ஏறி வந்துவிட்டாள்.

"பொண்ணு ஆபீசுல உக்காந்திருந்தா பேரு எப்படிப் போகும்?" என்றாள் கரையில் ஒருத்தி.

நான் அவளோடு சண்டைக்குப் போனேன். ஏழு ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். என் மருமகள் அப்படிப்பட்டவள் இல்லை என்றேன். இது எப்படி நடந்தது என்று உனக்குத் தெரிந்தால் ஒரே ஒரு வரி எழுது. அந்த வாயை அடைக்கவேண்டும்.

உன் மாமன்

*

மார்ச் 1

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அங்கும் நலமாக இருக்க வேண்டும். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

உங்கள் ஐம்பத்து மூன்று பேரின் அட்டை எண்களையும் அடையாள எண்களையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். என்னால் முடிந்ததைப் பார்க்கிறேன். உறுதி சொல்ல முடியாது. நான் இங்கே தற்காலிகம்தான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கிறார்கள்.

அம்மாவுக்கு இரண்டு புடவை அனுப்புகிறேன். வெயிலில் நிற்கவேண்டாம் என்று சொல்லுங்கள். அத்தை நலமா?

உங்கள் மருமகள்

*

மார்ச் 12

மருமகளுக்கு,

சுகம். உன் சுகம் எழுது.

நான் கேட்ட ஒரு வரியைத் தேடித் தேடிப் பார்த்தேன். புடவைக்குள் மடித்து வைத்திருப்பாயோ என்று உதறியும் பார்த்தேன்.

பரவாயில்லை, நானே கொஞ்சம் துப்பறிந்தேன். ஊர் அலுவலகத்து எழுத்தரை உனக்குத் தெரியும். பல்லி கத்தினாலே ராஜினாமா எழுதிவிடுகிற ஆள். அவரைப் பத்து நாள் விடாமல் பின்தொடர்ந்தேன். அவர் குளிக்கும்போதுகூட வேலிக்கு வெளியே நின்று வணக்கம் சொன்னேன். கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு திரையைக் காட்டிவிட்டார்.

எங்கள் பெயர்கள் நீங்கியது டிசம்பர் 19. கூட்டம் நடந்ததாகச் சொல்வது ஜனவரி 5. முதலில் கழுத்தை அறுத்துவிட்டு, பதினேழு நாள் கழித்து வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். வலிக்கவில்லை என்று பதிலையும் அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

மதியம் மூன்று மணி பத்து நிமிஷத்தில் தொடங்கி மூன்று இருபத்தொன்றுக்குள் ஐம்பத்து மூன்று பேரும் காலி. ஆளுக்குப் பன்னிரண்டு விநாடி. கொசுவை அடிக்கிறவன்கூட அதைவிடக் கூடுதலாக யோசித்துத்தான் கையை ஓங்குவான். செய்த இடம், மாவட்டக் கணினி அறை.

அதே அறையில் மூன்று மணி ஆறு நிமிஷத்துக்கு, உன் அம்மாவின் அடையாள எண்ணை யாரோ அக்கறையாக இணைத்திருக்கிறார்கள்.

உன் அறையில் மூன்று நாற்காலி என்று எப்போதோ எழுதியிருந்தாய். மற்ற இரண்டு நாற்காலியில் இருப்பவர்களுக்கு உன் அம்மாவைத் தெரியுமா?

நாங்கள் மேலிடத்துக்கு எழுதிப்போட்ட புகாருக்காக மே 6 அன்று விசாரணைக்கு ஓர் அதிகாரி வருகிறாராம். எழுத்தர் தான் காட்டியதை வெளியே சொல்லவேண்டாம் என்று என் காலில் விழாத குறை. அந்த அறையில் இருக்கிற யாராவது ஒருவர் எழுதித் தந்தால்தான் அந்த டிசம்பர் தேதி செல்லுபடியாகும்.

எண்கள் எழுதிய தாளை இணைத்திருக்கிறேன்.

உன் மாமன்

*

ஏப்ரல் 3

கண்ணு,

அம்மா எழுதுகிறேன். உடம்பு நல்லா இருக்கிறதா? நேரத்துக்குச் சாப்பிடு.

மாமா கடிதம் போட்டு மூன்று வாரமாகிறது. தினமும் தபால்காரரைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போகிறான். ஒரு விஷயத்தை உனக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். நான் அந்தச் சத்தியத்தை மீறுகிறேன்.

உன் அத்தை பிப்ரவரி கடைசியில் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனாள். குளத்தில் வேலை இல்லையென்றால் வேறு எங்கே போவாள்? பத்தாம் நாள் அடுக்கு சரிந்து இடது பாதத்தில் விழுந்துவிட்டது. எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. செங்கல் ஏற்றிய லாரியிலேயே, செங்கல் மேலேயே உட்காரவைத்து அனுப்பிவிட்டார்கள். மாமா அன்றைக்கு இரண்டு கையாலும் அவளை இறக்கினான். அதற்குப் பிறகு இங்கே அவன் யாரையும் சிரிக்கவைக்கவில்லை.

குழாயடியில் எனக்கு எல்லோரும் வழிவிடுகிறார்கள். ஒருத்தியும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். நீ அனுப்பிய புடவையைக் கட்டவில்லை.

என் பெயர் மட்டும் எப்படித் தங்கியது? நீதானா? ஆம் என்றால் ஆம் என்று எழுது.

அம்மா

*

ஏப்ரல் 9

மாமாவுக்கு,

அம்மாவுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

ஆம். நான்தான்.

டிசம்பர் 19 காலை மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நாலு மணிக்குள் நூறு சதவீதம் என்று மேலிடத்துக்கு அனுப்பியாகவேண்டும். எண் இணையாத பெயர்கள் மாவட்டம் முழுக்க நாலாயிரத்துக்கு மேல் இருந்தன. "இணைக்க முடியலன்னா எடுத்துடும்மா. மிச்சம் இருக்கிறவங்க எல்லாரும் இணைஞ்சவங்களா இருந்தா நூறுதானே?" என்றார். மூன்று நாற்காலிகளும் எடுக்கத் தொடங்கினோம்.

எடுக்கும்போது திரை காரணம் கேட்கும். இறந்துவிட்டார், ஊரைவிட்டுப் போய்விட்டார், இரண்டு முறை பதிவானவர், விருப்பமில்லை. முதல் மூன்றுக்கும் சான்று சேர்க்கவேண்டும். விருப்பமில்லை என்பதற்கு ஒன்றும் வேண்டாம். அதனால் எல்லோருக்கும் அதையே போட்டோம்.

மதியம் நம் ஊர்ப் பட்டியல் என் திரைக்கு வந்தது. அம்மாவின் எண் எனக்கு மனப்பாடம். அதை இணைத்தேன். உங்கள் எண் தெரியாது. ஊர் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். என் கை நின்றது. மேலாளர், "என்னாச்சு?" என்றார். "ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

பெயர்களை வாசிக்காமல் அழுத்தினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. ஆனால் வாசித்தேன். அத்தையின் பெயர் உங்கள் பெயருக்கு அடுத்த வரியில் இருந்தது.

பிறகு சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தப் பிறகு வரவேயில்லை. தீர்மானத்தை எழுதியது நான் இல்லை, கள அலுவலர். ஜனவரியில் மேலாளர் சொல்லிச் செய்தார். அதுவும் எனக்குத் தெரியும்.

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

*

ஏப்ரல் 20

அக்கா மகளுக்கு,

இங்கே யாரும் சுகமில்லை. சுகமாக இருக்கிறோம் என்று பொய் எழுதப்போவதும் இல்லை.

உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முடித்ததும் அவள் எழுந்துபோய்க் குழாயடியில் நின்று, "எம் பொண்ணுதான்" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். சொல்லிவிட்டுக் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

உனக்கு வேலை கிடைத்த அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணில் பட்டவனையெல்லாம் நிறுத்திச் சொன்னேன். வம்சத்திலேயே முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கப்போகிறவள் என் மருமகள் என்று ஆட்டுக்குட்டியிடம்கூடச் சொன்னேன். இப்போது அந்த ஆட்டுக்குட்டி என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

கை நின்றதாம். நின்ற கையை நீ மறுபடி ஓட்டினாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. உன்னைப் பின்னால் நின்று அதட்டியவன் பெரிய கொம்பன், சரி. ஆனால் அவன் போன பிறகு? ஒரு தபால் அட்டை! "மாமா, எண்ணை அனுப்புங்கள்" என்று மூன்றே வார்த்தை! நான் நடந்தே வந்து உன் மேசையில் வைத்திருப்பேனே! ஜனவரியில் இதைச் செய்தது யார் என்று நான் கேட்டபோது, "பெரிய அமைப்பு" என்று எழுதினாய். அந்தப் பெரிய அமைப்பு என் அக்கா வயிற்றில் பிறந்து, என் தோள் மேல் உட்கார்ந்து குளம் பார்த்தது.

உன் அத்தை படுத்திருக்கிறாள். நீ எழுதியதை அவளுக்கும் சொன்னேன். "என் பேரை வாசிச்சாளாமா?" என்று மட்டும் கேட்டாள்.

மே 6 விசாரணை. உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

மாமன்

*

மே 20

மாமாவுக்கு,

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறேன். பதில் சொல்லாவிட்டாலும் கேட்பேன்.

ஏப்ரல் 27 அன்று விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். நாள், நேரம், மேலாளர் சொன்னது, நான் செய்தது எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நம் ஊர் மட்டுமில்லை, என் திரையில் நான் எடுத்த ஆயிரத்து முன்னூற்றுச் சொச்சம் பேரின் பட்டியலையும் சேர்த்திருந்தேன். மே 6 அன்று நானும் வருவதாக இருந்தேன். மேலாளர் விடுப்புத் தரவில்லை. அன்று முழுக்க வாசலில் காவலாளியை நிறுத்தியிருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கவேண்டும். வரவில்லை.

நேற்று மேலாளர் கூப்பிட்டு ஒரு தாளை வைத்தார். "இந்தப் பணியில் தொடர எனக்கு விருப்பமில்லை" என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே என் பெயர்.

"ஜூன் ஒண்ணாம் தேதிக்குள்ள கையெழுத்துப் போட்டுடும்மா. சுமுகமாப் போயிடலாம். இல்லேன்னா எல்லாத்தையும் நீயே இஷ்டத்துக்குச் செஞ்சேன்னு நான் எழுதவேண்டியிருக்கும்."

எனக்கு என்ன வரவேண்டுமோ அது வந்திருக்கிறது. போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். உங்களுக்குத் தெரியாமல் இனி எதுவும் செய்யக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

மருமகள்

*

மே 26

மருமகளே,

போடாதே. இந்தக் கடிதத்தில் வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் இதை வாசி. போடாதே.

இனி நலச் சேதி. உன் அம்மா நேற்று உன் புடவையில் ஒன்றைக் கட்டினாள். மற்றது இன்னும் பெட்டியில்தான்.

விசாரணைக்கு வந்த அதிகாரியம்மா எலும்பும் தோலுமாக, எங்கள் மண்வெட்டிக் காம்பைவிட ஒல்லி. ஆனால் குரல் இடி. சிமெண்டு மூட்டைகளைத் தானே எண்ணிப் பார்த்தார். உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் எல்லோர் முன்னாலும் வாசித்தார். இஸ்திரியின் சட்டை முதன்முதலாக நனைந்து ஒட்டிக்கொண்டதை நாங்கள் கண்ணாரக் கண்டோம். தீர்மானம் செல்லாது, ஐம்பத்து மூன்று பெயரும் திரும்பச் சேரவேண்டும் என்று அந்த இடத்திலேயே எழுதினார்.

அதோடு விட்டார்களா? அந்தம்மா ஜீப்பில் ஏறிப்போன மறுநிமிஷம் இஸ்திரி ஒரு கட்டுத் தாளை எடுத்தார்.

"எல்லாரும் இதுல கையெழுத்துப் போடுங்க. இனிமே வேலை செய்ய விருப்பம்னு."

உன் அத்தை ஒற்றைக் காலில் எழுந்தாள்.

"நாங்க விருப்பமில்லைன்னு எப்போ சொன்னோம்?"

"சொல்லலம்மா, சும்மா ஒரு நடைமுறைக்கு…"

"சொல்லலேன்னு நீங்க மொதல்ல எழுதுங்க. ஐம்பத்து மூணு பேருக்கும் தனித்தனியா எழுதுங்க. உங்க கையெழுத்தைப் போடுங்க. அப்புறம் நாங்க போடுறோம்."

அவர் சிரித்துப் பார்த்தார், முறைத்துப் பார்த்தார், தண்ணீர் குடித்துப் பார்த்தார். நாங்கள் நகரவில்லை. எழுதினார், மருமகளே! ஐம்பத்து மூன்று தாள். கை கடுத்து நடுவில் இரண்டு முறை உதறினார். ஒவ்வொருவர் பெயரையும் உரக்கச் சொல்லிச் சொல்லி எழுதவைத்தோம். ஆளுக்குப் பன்னிரண்டு விநாடியில் முடியவில்லை அந்த வேலை.

உன் தாளைப் பற்றி நேற்றுக் குளத்தில் சொன்னேன். கரையில் அன்றைக்கு உன்னைப் பேசினாளே, அவள்தான் முதலில் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "இன்னொருத்தி பேருக்கும் அதையே எழுதுறானா?" என்றாள்.

ஆகவே ஒன்றாம் தேதி காலை முதல் பேருந்தில் வருகிறோம். அன்றைக்கு வேலைக்கு விடுப்புச் சொல்லியாகிவிட்டது. உன் பட்டியலில் இருந்த மற்ற ஊர்க்காரர்களுக்கும் ஆள் அனுப்பியிருக்கிறோம். பாராட்டுப் பத்திரம் வாங்கிய உன் மேலாளர் எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, உனக்கு விருப்பமில்லை என்று எங்கள் எதிரே வாசித்துக் காட்டட்டும். செய்ததற்கு உன்னை விசாரிக்கட்டும், தண்டனை கொடுக்கட்டும், அதைக் கேள்வி கேட்க நாங்கள் வரவில்லை. தான் தப்பிக்க, நீயாகவே போய்விட்டாய் என்று அவர் எழுத மட்டும் விடமாட்டோம்.

மன்னித்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபத்தோடுதான் வருகிறோம். பேருந்து தாங்காத அளவுக்குக் கோபம். அதில் உனக்கென்றும் ஒரு பங்கு எடுத்துவைத்திருக்கிறோம்.

வாசலில் நில். உன் அத்தை உன்னோடு ஒரு வார்த்தையும் பேசமாட்டாள் என்று எழுதச் சொன்னாள். அவளுக்கு உன் பக்கத்தில் இடம் பிடித்து வை. காலை நீட்டி உட்காரவேண்டும்.

உன் மாமன்